காலி வட்டு

"டீச்சர், நான் அதுக்கு ஒரு குறையும் வைக்கலை. ஆனாலும் செத்துப் போகுது" என்றார் அய்யனாரப்பன்.

"எது?" என்றார் நூருன்னிசா.

"உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர்."

நூருன்னிசா கையிலிருந்த தேநீரைக் குடித்து முடித்தார். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு, "உட்காருங்க ஐயா" என்றார்.

அய்யனாரப்பனுக்குத் தலை நரைத்து வெகுகாலம் ஆயிற்று. நூருன்னிசாவுக்கு அவருடைய மகள் வயது. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியில் நூருன்னிசா கணினி வகுப்பு நடத்தினார். முதல் நாள் அய்யனாரப்பன் உள்ளே நுழைந்தபோது, யாரோ பிள்ளையைச் சேர்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து மாணவர்கள் ஓரமாக ஒரு நாற்காலி போட்டார்கள். அவர் அதை முன்வரிசைக்கு இழுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து பாடம் கேட்டார்.

அந்த வகுப்பில்தான் கணினிக்குள் கணினி வைப்பது எப்படி என்று கற்றுக்கொண்டார்.

அது ஒரு மென்பொருள். தனியாக ஒரு கணினி இருப்பதுபோல் நடிக்கும். உள்ளே ஓடுவதற்கு, வெளியே என்ன இருக்கிறது என்று தெரியாது. இது உன் வட்டு, இது உன் திரை, இது உன் கம்பி செருகும் வாசல் என்று நாம் எதைக் காட்டுகிறோமோ, அதுதான் அதற்கு உலகம்.

அய்யனாரப்பனுக்கு அது தேவைப்பட்டது.

அவருக்குக் கடற்கரையில் இறால் குஞ்சுப் பண்ணை இருந்தது. எட்டுத் தொட்டிகள். தண்ணீர் குளிர்ந்தால் ஹீட்டரைப் போடுவதும், காற்று குறைந்தால் குழாயைத் திறந்துவிடுவதும் ஒரு பழைய கணினியின் வேலை. அதில் ஒரு பழைய நிரல் ஓடியது. எழுதிக் கொடுத்த ஆள் வெளிநாடு போய்விட்டார். அவருடைய போன் எண்ணும் மாறிவிட்டது.

இந்த மழைக்காலத்தில் அந்தக் கணினி நின்றது. திறந்து பார்த்தபோது உள்ளே பச்சை பூத்திருந்தது. உப்புக்காற்று தின்றது போக, நிரல் பதிந்திருந்த வட்டு மட்டும் பிழைத்தது.

அந்த வட்டில் இருந்ததை அப்படியே நகலெடுத்து, புது மடிக்கணினிக்குள் ஒரு கணினி அமைத்து, அதில் வைத்தார். வைத்ததைக் கிளப்பினால், சின்னம் தோன்றும். பிறகு திரை நீலமாகும். அவ்வளவுதான்.

"என்னென்ன குடுத்தீங்க?" என்று கேட்டார் நூருன்னிசா.

"இருக்கிறதிலேயே நல்லது எல்லாம். நினைவகம் பழைய பொட்டியில இருந்ததைவிடப் பல மடங்கு. வட்டை மாட்டுறதுக்கு, பட்டியல்ல புதுசா வந்திருக்கிற கன்ட்ரோலர். வேகத்துல அதுக்கு மேல கிடையாதாம்."

"அது கேட்டதா?"

"கேட்டாத்தான் குடுக்கணுமா டீச்சர்?"

நூருன்னிசா மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினார். அமைப்புகள் பக்கத்தைத் திறந்தார். வட்டுக் கன்ட்ரோலர் என்ற இடத்தில் அம்புக்குறியை வைத்து, பட்டியலில் கீழே போனார். இன்னும் கீழே போனார். கடைசியில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தார்.

அய்யனாரப்பன் எட்டிப் பார்த்தார்.

"இதையா? இது எனக்குக் கல்யாணம் ஆன காலத்துச் சரக்கு."

"அதுக்கு அதுதான் தெரியும்."

கணினி கிளம்பியது. சின்னம் தோன்றியது. திரை நீலமாகவில்லை. எட்டுத் தொட்டிகளும் எட்டுக் கட்டங்களாக வரிசையாக எழுந்தன. பண்ணையின் கம்பிகள் இங்கே இல்லாததால் எண்கள் மட்டும் வரவில்லை.

அய்யனாரப்பன் திரையைத் தொட்டுப் பார்த்தார்.

"இது பொய்தானே டீச்சர்? அந்தப் பழைய கன்ட்ரோலர் இந்தப் பொட்டிக்குள்ள எங்கயும் இல்லையே."

"நீங்க குடுத்த புதுசு மட்டும் எங்கே இருக்கு?"

அவர் மடிக்கணினியைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கீழே வைத்தார்.

*

பண்ணையில் அஞ்சலை காத்திருந்தாள்.

பழைய கணினி நின்ற நாளிலிருந்து தொட்டிகளைப் பார்த்துக்கொள்வது அவருடைய மனைவி அஞ்சலைதான். தெர்மாமீட்டர் இருந்தது. ஆனால் எட்டுத் தொட்டியிலும் அதை முக்கி எடுத்துப் படித்து முடிப்பதற்குள் முதல் தொட்டி மாறிவிடும். அஞ்சலை நடந்தபடியே கையை விடுவாள். "இது சரி. இது சரி. இதுக்கு ஹீட்டர் போடு" என்பாள். தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தால் அவள் சொன்னது சரியாக இருக்கும்.

அய்யனாரப்பனும் கையை விட்டுப் பார்த்தார். படகுக் கயிறு இழுத்துக் காய்த்த கை. அதற்கு எட்டுத் தொட்டியும் ஒன்றுபோலவே இருந்தன.

அதனால் அஞ்சலை தூங்கவில்லை. உட்கார்ந்தபடி கண்ணை மூடுவாள். காற்று திசை மாறினால் எழுந்துவிடுவாள். அவள் எழுந்திருக்காத ஒரு வேளை வந்தால், இந்த முறை விட்ட குஞ்சு அத்தனையும் வெளுத்து மேலே மிதக்கும். அது இருவருக்கும் தெரியும்.

அய்யனாரப்பன் மடிக்கணினியில் கம்பிகளைச் செருகினார். கட்டங்களில் எண்கள் வந்தன. ஒரு ஹீட்டர் தானாகவே எரிந்தது.

"போய்ப் படு" என்றார்.

"படுக்கிறேன். கொஞ்சம் பார்த்துட்டுப் படுக்கிறேன்."

அவள் பார்த்தாள். மதியம் ஆனது.

"ஏங்க, மூணாம் தொட்டி குளிருது."

"கம்ப்யூட்டர் சரின்னு சொல்லுதே."

"குளிருதுன்னு என் கை சொல்லுது."

தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தார். குளிர்ந்துதான் இருந்தது.

விஷயம் இதுதான். அந்தப் பழைய நிரல், படித்த அளவை வட்டில் எழுதி முடித்த பிறகே அடுத்த அளவை எடுக்கும். பழைய கன்ட்ரோலரைப்போல நடிப்பது புது மடிக்கணினிக்குப் பெரும்பாடாக இருந்தது. ஒவ்வொன்றையும் எழுத நேரம் பிடித்தது. தொட்டிகளிலிருந்து வந்த எண்கள் வரிசையில் நின்றன. வரிசை நீண்டுகொண்டே போனது.

"உங்க பொட்டி காலையில நடந்ததை இப்பத்தான் சொல்லுது" என்றாள் அஞ்சலை. "நேத்து மழை பெஞ்சதை நாளைக்குச் சொல்லும்போல."

அய்யனாரப்பன் கம்பிகளைப் பிடுங்கினார்.

அஞ்சலை மறுபடியும் முதல் தொட்டியிலிருந்து நடக்க ஆரம்பித்தாள்.

*

"உயிர் இருக்கு டீச்சர். வேகம் இல்லை."

"அப்போ புதுசுக்கு மாத்துங்க" என்றார் நூருன்னிசா.

அய்யனாரப்பன் மாற்றினார். சின்னம் தோன்றியது. திரை நீலமானது.

"பழசுக்கு மாத்துங்க."

மாற்றினார். எட்டுக் கட்டங்களும் எழுந்தன.

நூருன்னிசா ஜன்னல் வழியே பேருந்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிரைவர் இல்லாமத்தான் சாகுதுன்னு எனக்கும் தெரியும்" என்றார் அய்யனாரப்பன். "நீங்க வகுப்புல சொன்னதுதானே."

டிரைவர் என்பது ஒரு சிறு நிரல். இன்ன சாதனத்தோடு இப்படிப் பேசு என்று உள்ளே இருப்பதற்குச் சொல்லிக் கொடுப்பது.

"டிரைவர் கையில இருக்கா?"

"இருக்கு. அதான் கொடுமை. புதுசுல மாட்டிட்டு டிரைவரைக் குடுக்கலாம்னா, அது எழுந்து நின்னு வாங்கிக்கணும். நிக்கிறதுக்கு முன்னாலயே செத்துடுது. சரி, பழசுல இருக்கும்போதே குடுப்போம்னு குடுத்தேன். 'அப்படி ஒரு சாதனமே இங்க இல்லையே'ன்னு திருப்பி அனுப்பிடுச்சு."

"சரியாத்தானே சொல்லியிருக்கு."

"சரிதான். ஆனா பழசைக் காட்டினா நொண்டுது, புதுசைக் காட்டினா சாகுது. நடுவுல வேற என்ன இருக்கு டீச்சர்?"

நூருன்னிசா ஜன்னலிலிருந்து திரும்பினார்.

"நாளைக்கு வரும்போது ஒரு பை குஞ்சு கொண்டு வாங்க."

"குஞ்சா? இறால் குஞ்சா?"

"ஆமா."

"குழம்புக்கு ஆகாது டீச்சர். கண்ணுக்கே தெரியாது."

"தெரியும். கொண்டு வாங்க."

படி இறங்கும்போது அய்யனாரப்பனுக்கு மனம் சரியில்லை. நாம் கேட்டது என்ன, இந்தப் பெண் கேட்பது என்ன என்று நினைத்துக்கொண்டார். அஞ்சலையிடம் சொன்னபோது அவளும் அதையே கேட்டாள். பிறகு அவளே ஒரு பையை எடுத்து, தொட்டித் தண்ணீரோடு குஞ்சை மொண்டு, ஆக்சிஜன் நிரப்பி, ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தாள்.

"பத்திரமா எடுத்துட்டுப் போங்க. எட்டு நாளா தூக்கமில்லாம காப்பாத்தினது" என்றாள். "எட்டோ பத்தோ. எண்ணிக்கை விட்டுப்போச்சு."

*

நூருன்னிசாவின் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி இருந்தது. குழந்தையைக் குளிப்பாட்டுவார்களே, அந்த மாதிரித் தொட்டி. நிறையத் தண்ணீர்.

அய்யனாரப்பன் தெர்மாகோல் பெட்டியைத் திறந்து பையை எடுத்தார். பைக்குள் தண்ணீரில் மிளகுத்தூள் தூவியதுபோல் ஏதோ துடித்துக்கொண்டிருந்தது.

"கொட்டுங்க" என்றார் நூருன்னிசா.

"இதுலயா?"

"கடல் தண்ணிதான். நேத்து சாயங்காலம் நானே போய் மொண்டுக்கிட்டு வந்தேன். துணியில வடிகட்டியிருக்கேன்."

அய்யனாரப்பன் விரலை விட்டார். அந்தக் கைக்கே தெரிந்தது.

"ஏசியில இருந்து ஜில்லுனு கிடக்கு டீச்சர்."

"தண்ணி நல்லதுதானே."

"நல்லதுதான்."

"உங்க தொட்டித் தண்ணியைவிடச் சுத்தம்."

"இருக்கலாம்."

"பையைவிட இடமும் தாராளம்."

"ஆமா."

"அப்புறம் என்ன, கொட்டுங்க."

"செத்துடும்."

"நான் ஒரு குறையும் வைக்கலையே" என்றார் நூருன்னிசா. சொல்லிக்கொண்டே குனிந்து பையின் ரப்பர் பேண்டைப் பிடித்து இழுத்தார்.

அய்யனாரப்பன் அவர் கையைத் தட்டிவிட்டார்.

பலமாகவே பட்டுவிட்டது. டீச்சரின் கையைத் தட்டினோம் என்பது பிறகுதான் அவருக்கு உறைத்தது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

நூருன்னிசா புறங்கையைத் தடவிக்கொண்டார்.

"கொட்டக்கூடாதுன்னா, பின்னே எப்படித்தான் விடுவீங்க? நீங்களே விடுங்க. நான் பார்க்கிறேன்."

அய்யனாரப்பன் முட்டி போட்டு உட்கார்ந்தார். ரப்பர் பேண்டை மறுபடி இறுக்கினார். பையை அப்படியே, கட்டு அவிழ்க்காமல், தண்ணீரின்மேல் வைத்தார். பை ஒருமுறை சாய்ந்து, நிமிர்ந்து, மிதந்தது.

இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப என்ன நடக்குது?" என்றார் நூருன்னிசா.

"ஒண்ணும் நடக்கலை. மிதக்குது."

"எவ்வளவு நேரம்?"

"அதுக்குப் போதும்ங்கிற வரைக்கும். இந்த வேலையில அவசரப்பட்டவன் பொழைச்சதில்லை."

"உள்ளே என்ன தண்ணி?"

"அதுங்க பொறந்த தண்ணி."

"வெளியே?"

"புதுசு. இப்போ அதுங்க பழைய தண்ணியிலதான் இருக்கு. புதுசு பக்கத்துல வந்து நிக்குது, அவ்வளவுதான். குளிர் பையைத் தாண்டி மெதுவா உள்ளே போகும். அப்புறம் வாயைத் திறந்து புதுத் தண்ணி ஒரு கை மொண்டு உள்ளே விடுவேன். அதுவும் பழசோட கலந்துதான். அதுக்கப்புறம்…"

அவர் பேச்சு அங்கே நின்றது.

பை மெல்லத் திரும்பியது. அவர் அதைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்தார். வேட்டியில் கையைத் துடைத்தார். அமைப்புகள் பக்கத்தைத் திறந்தார்.

பழைய கன்ட்ரோலரில் பண்ணையின் வட்டு இருந்தது. அதை அவர் தொடவில்லை. அதற்குக் கீழே புதிய கன்ட்ரோலர் ஒன்றைச் சேர்த்தார். அதில் மாட்டுவதற்குப் புதிதாக ஒரு வட்டை உண்டாக்கினார். எத்தனை சிறியதாக வைக்கலாமோ அத்தனை சிறியது.

நூருன்னிசா பின்னால் வந்து நின்றார்.

"அது எதுக்கு ஐயா? காலி வட்டு. அதுல ஒண்ணுமே இல்லையே."

"இருக்கட்டும் டீச்சர்" என்றார் அய்யனாரப்பன். "கொஞ்சம் மிதக்கட்டும்."

கணினி பழைய கன்ட்ரோலரிலிருந்து கிளம்பியது. எட்டுக் கட்டங்களும் வந்தன. பிறகு திரையின் கீழ் மூலையில் ஒரு சிறு பெட்டி எட்டிப் பார்த்தது. புதிய சாதனம் ஒன்று தெரிகிறது என்றது. அதற்கான டிரைவர் உண்டா என்று கேட்டது.

கொடுத்தார். இந்த முறை வாங்கிக்கொண்டது.

கணினியை முறையாக நிறுத்தினார். பண்ணையின் வட்டைப் பழையதிலிருந்து கழற்றிப் புதியதில் மாட்டினார். கிளப்பினார்.

சின்னம் தோன்றியது. இங்கேதான் அது ஒவ்வொரு முறையும் சாகும். அய்யனாரப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பையைப் பார்த்தார். குஞ்சுகள் துடித்துக்கொண்டிருந்தன.

திரும்பிப் பார்த்தபோது எட்டுக் கட்டங்களும் இருந்தன.

அவர், "இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்றார்.

நூருன்னிசா தொட்டியில் மிதந்த பையைப் பார்த்தார். பிறகு அய்யனாரப்பனைப் பார்த்தார்.

"குஞ்சை எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். "ரொம்பக் குளிர்ந்துடப் போகுது."

*

அன்று மதியமே மழைக்காற்று கிளம்பியது.

அய்யனாரப்பன் கம்பிகளைச் செருகிவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். அஞ்சலை மூன்றாம் தொட்டியில் கையை விட்டாள். "குளிரு…" என்று வாயெடுத்தாள். அதற்குள் ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிந்தது.

அவள் ஐந்தாம் தொட்டிக்குப் போனாள். கை நனைவதற்குள் அங்கேயும் விளக்கு எரிந்தது.

ஏழாம் தொட்டியில் கையை விட்டு, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். விளக்கு எரியவில்லை. "இது சரியாத்தான் இருக்கு" என்றாள். வந்து தீவன மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அய்யனாரப்பன் தெர்மாகோல் பெட்டியிலிருந்து பையை எடுத்து, முதல் தொட்டியில் மிதக்க விட்டார்.

"அப்படி என்னதான் சொல்லிக் குடுத்தாங்க டீச்சர்?" என்று பின்னாலிருந்து கேட்டாள்.

அய்யனாரப்பன் பையைப் பார்த்தபடி யோசித்தார்.

"சொல்லிக் குடுக்கலை. இந்தக் குஞ்சைக் கொல்லப் பார்த்தாங்க. நான் கையைத் தட்டிவிட்டேன்."

இதற்கு அஞ்சலை சும்மா இருக்கமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. திரும்பிப் பார்த்தார்.

அஞ்சலை தூங்கிவிட்டிருந்தாள். மடியில் கிடந்த கை இன்னும் காயவில்லை.